அட்ராக்டா குனிந்து எடுக்காத பந்து

தரையில் கிடக்கும் எதையும் அட்ராக்டா கில்லோரன் நேராகக் கையால் எடுத்ததில்லை. முதலில் வலது கால் நுனியை அதன் அடியில் கொடுப்பாள். லேசாக ஒரு நெம்பு. அது எழும்பி முழங்கால் உயரம் வரும்போது கை அங்கே காத்திருக்கும். பந்து மட்டுமில்லை. சமையலறையில் உருண்டோடும் உருளைக்கிழங்கு, பள்ளி பஸ்ஸில் பிள்ளைகள் தவறவிடும் தொப்பி, கொட்டகையில் சரிந்த விறகுத் துண்டு, எல்லாவற்றுக்கும் அதே மரியாதைதான். ஒருமுறை தேவாலய வாசலில் பாதிரியாரின் கையுறை கீழே விழுந்தபோது அவளுடைய செருப்பு நுனி தன்னால் முன்னே போனதைப் பார்த்து ஊரே சிரித்தது.

ரியோனா அதை முதலில் கவனித்தது சின்ன வயதில், அந்தப் பள்ளி பஸ்ஸில்தான். அட்ராக்டாதான் ஓட்டுநர். பின்னாளில் இருவரும் ஒரே அணியில் ஆடியபோதும் அது மாறவில்லை.

கையாலும் காலாலும் ஆடுகிற கேலிக் ஃபுட்பாலில் பெண்களுக்கு அதற்குத் தேவையே இல்லை. தரையில் கிடக்கும் பந்தைப் பெண்கள் நேராகக் கையால் வாரிக்கொள்ளலாம். ஆண்களுக்குத்தான் அது தப்பாட்டம்; அவர்கள் காலால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தோடு நாலு எட்டு ஓடலாம். பிறகு அதைத் தரையில் தட்ட வேண்டும், அல்லது காலில் தட்டிக் கைக்கு வாங்க வேண்டும். கோலின் குறுக்குக் கட்டைக்கு மேலே போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. கையால் எடுக்கிற அந்த ஒரு சலுகையை கில்ஃபெரின் ஊர்ப் பெண்கள் எல்லோரும் பயன்படுத்தினார்கள். அட்ராக்டா மட்டும் மாட்டாள்.

"கையால எடு, அட்ராக்டா! கையால!" என்று கோல்கீப்பர் மார்ட்டினா கத்தாத ஆட்டம் கிடையாது. "உன் கால் என்ன கரண்டியா?"

மைதானத்துக்குள் வயது பார்த்துப் பேசுகிற வழக்கம் யாருக்கும் இல்லை. நாற்பத்தேழு வயது அட்ராக்டாவை, பாதி வயதுகூட ஆகாத ரியோனா "தள்ளிப் போ" என்று திட்டலாம். வெளியே வந்து பஸ்ஸில் ஏறினால் மறுபடி "நீங்க". ஏனென்று யாரும் யோசித்ததில்லை.

ஏன் அப்படி எடுக்கிறாள் என்று ரியோனா ஒருநாள் கேட்டாள். பயிற்சி முடிந்து எல்லோரையும் வீட்டில் இறக்கிவிட்டுக்கொண்டே வந்த பஸ்ஸில் கடைசியாக மிச்சம் இருந்தது அவள்தான்.

"கோல்மனோட சட்டம் அது" என்றாள் அட்ராக்டா.

கோல்மன் அவளுடைய அண்ணன். மலையடிவாரத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் நாலு குச்சிகளை நட்டு அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் ஆடுவார்கள். நாலாவது ஆளாக இவளைச் சேர்த்துக்கொண்டார்கள். பந்தைக் கையால் தொட்டு எடுத்தால் கோல்மன் விரலை நீட்டுவான். "தப்பாட்டம். போ, உள்ள போய் அம்மாவுக்குப் பாத்திரம் கழுவு." ஒரு தப்பு செய்தால் அன்றைய ஆட்டம் அதோடு சரி. அதனால் அவள் தப்பே செய்யாமல் கற்றுக்கொண்டாள். சகதியில், பனியில், ஒற்றைச் செருப்போடு. ஊர்ப் பையன்கள் அணியில் அவளைச் சேர்த்தபோது அவளைப்போல் பந்தை நெம்பி எடுக்க அதில் எவனுக்கும் தெரியாது.

பன்னிரண்டு வயதில் பயிற்சியாளர் அவளைத் தனியே கூப்பிட்டார். "இனிமே சரிப்பட்டு வராது, புள்ள. பசங்க பெருசாயிட்டாங்க." சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். கில்ஃபெரினில் பெண்களுக்கு அணி இல்லை. அக்கம்பக்கத்து ஊர்களிலும் இல்லை. அதன் பிறகு பதினாறு வருஷம் அவள் மேட்டில் நின்று அண்ணன் ஆடுவதைப் பார்த்தாள்.

"கோபமே வரலையா?" என்று ரியோனா கேட்டாள்.

"வந்துச்சு. யார் மேலன்னுதான் தெரியல."

இருபத்தெட்டு வயதில் அவளே பெண்கள் அணி ஒன்றைத் தொடங்கினாள். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வந்தாள். மான்செஸ்டருக்குப் போன ஒருவன் அவளைக் கூட வரச்சொன்னதாகவும், அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருந்ததால் இவள் போகவில்லை என்றும் மார்ட்டினா ஒரு கதை சொல்வாள். அது எவ்வளவு உண்மையோ. கல்யாணம் ஆகவில்லை என்பது மட்டும் உண்மை.

கில்ஃபெரினில் இரண்டு மைதானம் உண்டு. பெரியது ஆண்களுடையது. வடிகால் போட்டு, புல் மாற்றி, ஒரு பக்கம் கூரையுள்ள படிக்கட்டும் கட்டியிருந்தார்கள். அந்தப் புல்லுக்காகப் பரிசுச்சீட்டு விற்றது, ஆட்டம் முடிந்து வருகிறவர்களுக்கு முட்டை சாண்ட்விச் வெட்டியது, சனிக்கிழமைதோறும் வெள்ளைக்கோடு போட்டது எல்லாம் அட்ராக்டா. அவளுடைய அணி ஆடியது பின்பக்க மைதானத்தில். அது சாய்வானது, கீழ்மூலையில் கோரை முளைத்துக் கிடக்கும். எதிரணிப் பெண்கள் வந்து இறங்கியதும் கேட்பார்கள்: "ஃபுட்பால் ஆடவா, வாத்து மேய்க்கவா?"

பெண்களுடைய சங்கம் வேறு, ஆண்களுடையது வேறு. நிலம் ஆண்களுடையது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஒவ்வொரு வசந்த காலத்திலும் அட்ராக்டா போய்க் கேட்டாள், ஒரே ஒரு ஆட்டத்துக்கு. ஊர்க் கிளப்பின் தலைவர் அப்போது கோல்மன்தான். ஒவ்வொரு வருஷமும் அவன் ஒரே பதிலைச் சொன்னான்: "நிலம் மெத்துனு இருக்கு, அட்ராக்டா. இப்ப மிதிச்சா தாங்காது."

அட்ராக்டாவுக்கு நாற்பத்தேழான வருஷம் ரியோனாவும் கூடப் போனாள். அவள் கால்வே நகரில் பட்டப்படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தாள். அப்பா கல்குவாரி லாரி ஓட்டினார். அம்மா முதியோர் இல்லத்தில் துணி வெளுத்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்தது அவள் ஒருத்திதான். சமூகவியல் படித்தாள். கமிட்டி அறையில் மின்கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆண்கள் முன்னால் எழுந்து நின்று பேசினாள். உழைப்பு யாருடையது, உரிமை யாருடையது, பொது நிலம் என்றால் என்ன என்றெல்லாம். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவர் தலையைக்கூட ஆட்டினார். பிறகு கோல்மன் மெதுவாகச் சொன்னான்: "நல்லாச் சொன்னே, ரியோனா. உங்க அம்மா பெருமைப்படணும். ஆனா நிலம் மெத்துனு இருக்கே."

திரும்பும்போது அட்ராக்டா சொன்னாள்: "அழகாப் பேசின. பாட்டுக் கேட்ட மாதிரி இருந்துச்சு."

"பிரயோஜனம் இல்லையே."

"பாட்டுக்கு யாரும்மா பதில் சொல்வாங்க?"

அன்று ரியோனாவுக்குத் தூக்கம் வரவில்லை. தான் கற்ற சொற்களெல்லாம் வேறு யாருக்கோ தைத்த சட்டைபோல் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு, "அட்ராக்டாவுக்குக் கொடுங்க, அவங்களுக்கு ஆசையா இருக்கு" என்று மட்டும் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார்களா? மாட்டார்கள் என்றுதான் தோன்றியது. ஆனாலும் அதைச் சொல்லியிருக்கலாம்.

கோடையில் ஒரு வேடிக்கை நடந்தது. பெண்கள் போட்டியின் அட்டவணை வந்தது. கில்ஃபெரின் பெண்கள் ஆடிய கடைசிப் பிரிவின் இறுதி ஆட்டம் எங்கே என்று மாவட்டக் குழு முடிவு செய்தபோது, நல்ல வடிகாலும் கூரையும் உள்ள மைதானம் என்று தேர்ந்தெடுத்தது கில்ஃபெரினின் பெரிய மைதானத்தை. மாவட்டம் கேட்டால் எந்தக் கிளப்பும் மறுக்காது. கோல்மனும் மறுக்கவில்லை.

மார்ட்டினா செய்தியைப் பஸ்ஸில் ஏறி அறிவித்தாள். "அடியே, அரையிறுதிய ஜெயிச்சா போதும்! நம்ம ஊர் மைதானத்துக்குள்ள நாமளே விருந்தாளியாப் போறோம்!"

அட்ராக்டா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே விலாவைப் பிடித்துக்கொண்டாள். அங்கே ஒரு வலி இருந்தது. தசைப்பிடிப்பு என்று ஐஸ் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள். இதுதான் தனக்குக் கடைசி வருஷம் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்; முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. அந்தப் புல்லில் ஒரு முறை ஆடிவிட்டால் போதும். அதற்கு ஒரே ஓர் ஆட்டம்தான் பாக்கி.

அரையிறுதி டூனர்ரா அணியோடு, அவர்கள் ஊரில். மழை தூறிக்கொண்டிருந்தது. ஓட முடியாத அட்ராக்டாவை எதிரணி கோலுக்கு முன்னாலேயே நிறுத்தியிருந்தார்கள். வருகிற உயரப் பந்தைப் பிடித்துப் பக்கத்தில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ரியோனா அவளுக்கு இடது மூலையில். அட்ராக்டாவைக் காவல் காத்த டூனர்ரா பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். வாய் மட்டும் அதைவிடப் பெரியது.

"பென்ஷன் வாங்குற வரிசைன்னு நெனச்சு வந்து நிக்கிறியா?"

"உங்க அம்மாவையும் நான்தான் சமாளிச்சேன், கண்ணு. அவளும் இப்படித்தான் பேசுவா. பேசிட்டிருக்கும்போதே தோத்துடுவா."

அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள்.

ஆட்டம் இழுபறியாகவே போனது. அவர்கள் ஒரு புள்ளி, இவர்கள் ஒரு புள்ளி. முடிய ஒரு நிமிஷம் இருக்கையில் கில்ஃபெரின் ஒரு புள்ளி பின்னால் இருந்தது. நடுவிலிருந்து கடைசியாக ஒரு நீளமான உதை வந்தது. அட்ராக்டாவும் டூனர்ரா கோல்கீப்பரும் ஒன்றாகத் துள்ளினார்கள். பந்து இருவர் கையிலும் பட்டுக் கீழே விழுந்தது. கோல்கீப்பர் சேற்றில் மல்லாந்து கிடந்தாள். பந்து அட்ராக்டாவின் காலடியில் கிடந்தது.

ரியோனா இடது பக்கம் ஓடி வந்துவிட்டாள். அவளுக்கும் வலைக்கும் நடுவே யாரும் இல்லை. அட்ராக்டா குனிந்து, எடுத்து, அவள் பக்கம் முஷ்டியால் ஒரு தட்டு. அவ்வளவுதான் தேவை.

"கையால!" என்று மைதானத்தின் மறுகோடியிலிருந்து மார்ட்டினா அலறியது எல்லோருக்கும் கேட்டது.

அட்ராக்டாவின் வலது கால் முன்னே போனது. நுனி பந்துக்கு அடியில் நுழைந்தது. ஈரப்புல்லில் பந்து எழும்பாமல் ஒரு சாண் வழுக்கியது. அந்த ஒரு சாணில் டூனர்ரா பெண் குனிந்து இரண்டு கையாலும் அதை வாரிக்கொண்டாள். வெளியே உதைத்தாள். பந்து இறங்குவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

யாரும் யாரையும் திட்டவில்லை. மார்ட்டினாகூட. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அந்த டூனர்ரா பெண் வந்து அட்ராக்டாவின் தோளைத் தொட்டு, "அம்மாகிட்ட சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இறுதி ஆட்டம் கில்ஃபெரினில் நடந்தது, டூனர்ராவுக்கும் வேறோர் ஊருக்கும். முந்தின நாள் வெள்ளைக்கோடு போட்டது அட்ராக்டா. அன்று காலை பெரிய பாத்திரத்தில் தேநீருக்குத் தண்ணீர் வைத்ததும் அவள்தான். சாண்ட்விச் வெட்டும் மேஜையருகே ரியோனா நின்றிருந்தபோது டூனர்ரா பெண்கள் கன்னம் சிவக்க உள்ளே வந்தார்கள். "என்ன புல்லுடி இது, கம்பளம் மாதிரி! இந்த ஊர்ப் பொண்ணுங்களுக்குக் கொடுத்துவச்சிருக்கு" என்று ஒருத்தி சொன்னாள். அட்ராக்டா அவளுக்கு இன்னொரு சாண்ட்விச் எடுத்து வைத்தாள். "வெங்காயம் போட்டது வேணுமா, போடாததா?"

எல்லோரும் போன பிறகு இருவரும் கம்பி வேலியோரம் நின்றார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. கேட் திறந்துதான் கிடந்தது. வேலியோரம் யாரோ மறந்துவிட்டுப் போன பந்து ஒன்று கிடந்தது.

"வாங்க, ஒருத்தரும் இல்ல" என்றாள் ரியோனா. "உள்ள போயி நாலு உதை உதைச்சுட்டு வந்துருவோம்."

அட்ராக்டா தலையசைத்து மறுத்தாள். "திருட்டுத்தனமா போக மாட்டேன். நான் போட்ட கோடு அது."

பிறகு ரியோனா பக்கம் திரும்பாமலே பேசினாள். "அன்னிக்கு நீ சரியான இடத்துல நின்னே. நான் பாத்தேன். பாத்தும்தான் கால் போச்சு."

"விடுங்க."

"எப்படி விடுறது? குனியும்போதே கோல்மன் வெரல நீட்டிட்டு நிக்கிற மாதிரி இருக்கு எனக்கு. இப்பவும். அவனுக்கு அது ஞாபகம்கூட இருக்காது." அவள் மூக்கை உறிஞ்சினாள். "உனக்கு ஒரு பந்து நான் கடன்பட்டிருக்கேன், ரியோனா. அடுத்த வருஷமும் ஆடுறேன். முழங்கால் போனா போகட்டும். அந்தப் பந்த உனக்கு இங்க வச்சுத் தர்றேன், இந்த மைதானத்துல. கையால எடுத்து."

"கையாலயா? மார்ட்டினா மயக்கம் போட்டு விழுந்துருவா."

"விழட்டும். அவ கத்துற கத்தலுக்கு ஓய்வு வேணும்."

தரையில் கிடந்த அந்தப் பந்தைக் கால் நுனியால் நெம்பி எடுத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கேட்டைச் சாத்தப் போனாள்.

குளிர்காலத்தில் அந்த விலாவலி தசைப்பிடிப்பு இல்லை என்று தெரிந்தது. கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். தெரிந்தபோதே கைமீறிப் போயிருந்தது. கிறிஸ்துமஸுக்கு ரியோனா பார்க்கப் போனபோது அட்ராக்டா சன்னலோரக் கட்டிலில் கிடந்தாள்; கை குச்சியாகியிருந்தது. கோல்மன் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு ஸ்பூனால் சூப் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் கெட்டவன் இல்லை என்பது ரியோனாவுக்கு அப்போது புரிந்தது. புரிந்ததால் இன்னும் கனத்தது. கெட்டவனாக இருந்தால் யாரையாவது வெறுத்திருக்கலாம். ஸ்பூன் கை தவறித் தரையில் விழுந்தது. போர்வைக்கு அடியில் அட்ராக்டாவின் வலது கால் அசைந்ததை ரியோனா பார்த்தாள். கோல்மன் பார்த்தானா என்று தெரியவில்லை. அவன் குனிந்து ஸ்பூனைக் கையால் எடுத்தான்.

பிப்ரவரியில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

ஆட்டக்காரர் இறந்தால் சக ஆட்டக்காரர்கள் அணிச்சட்டை போட்டு இரு பக்கமும் வரிசையாக நிற்க, நடுவே சவவண்டி மெதுவாகப் போகும். கல்லறைக்குப் போகிற வழியில் மைதானத்தின் கேட்டில் ஒரு நிமிஷம் நிற்கும். பெரிய ஆட்டக்காரர் என்றால் கேட்டைத் திறந்து மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுபோவார்கள். கில்ஃபெரினில் அப்படி இரண்டு ஆண்களைக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

பெண்கள் கோட்டுக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு குளிரில் நின்றார்கள். டூனர்ராவிலிருந்து அந்த வாயாடிப் பெண்ணும் தன் அம்மாவோடு வந்து வரிசையில் நின்றாள். வண்டி பெரிய மைதானத்தின் கேட்டில் நின்றது. கேட் பூட்டியிருந்தது. குளிர்காலத்தில் புல்லுக்கு ஓய்வு கொடுத்துப் பூட்டிவைப்பது வழக்கம். பின்னால் வந்த காரிலிருந்து கோல்மன் இறங்கினான். கோட்டுப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தான். பூட்டைத் திறந்தான். இரண்டு கதவுகளையும் அகலத் தள்ளினான்.

வண்டியோட்டி கண்ணாடியை இறக்கி மெல்லக் கேட்டார்: "கோல்மன், உள்ள கொண்டுபோகட்டுமா? ஒரு சுத்து?"

கோல்மன் புல்லைப் பார்த்தான். "நிலம் மெத்துனு இருக்கு..." என்றான்.

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது. வாய் திறந்தபடி நின்றான். ஏதோ சொல்லக் கையைத் தூக்கினான். ஆனால் வண்டியோட்டி கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துத் தலையை ஆட்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். வண்டி நகர்ந்தது. தூக்கிய கை அப்படியே நின்றது.

"நிறுத்துங்க" என்று ரியோனா கத்தியிருக்கலாம். கமிட்டி அறையில் அத்தனை பேசியவள். வரிசையில் நின்ற எல்லோரும் பேசாமல் நின்றார்கள், அவளும்தான். வண்டி வளைவில் திரும்பிக் கல்லறைப் பாதையில் ஏறியது. திறந்த கேட்டின் நடுவே கோல்மன் மட்டும் நின்றிருந்தான், யாரையோ உள்ளே வரச்சொல்லிக் காத்திருப்பவன்போல.

ஏப்ரலில் அவன் ஆளனுப்பினான். பெண்கள் அணி எப்போது வேண்டுமானாலும் பெரிய மைதானத்தில் ஆடலாம், கேட்கவே வேண்டாம் என்று. மார்ட்டினா அதைக் கேட்டுவிட்டுக் காறித் துப்பினாள். பிறகு எல்லோரும் போய் ஆடினார்கள். போகாமல் என்ன செய்வது? புல் உண்மையிலேயே கம்பளம் போலத்தான் இருந்தது.

ரியோனா பட்டம் வாங்கிவிட்டாள். டப்ளினில் ஒரு வேலை. ஆட்டத்துக்காக மட்டும் வார இறுதியில் ஊருக்கு வருகிறாள். கோலுக்கு முன்னால் இப்போது புதிதாக ஒரு பெண் நிற்கிறாள். கெட்டிக்காரி. பந்து கீழே விழுந்தால் யோசிக்காமல் குனிந்து வாரிக்கொண்டு தானே அடித்துவிடுகிறாள். பக்கத்தில் கொடுப்பதில்லை. கொடுக்கத் தேவையும் இல்லை.

இருந்தாலும் கோலுக்கு முன்னால் பந்து தரையில் விழும் ஒவ்வொரு முறையும் ரியோனாவின் கால்கள் இடது பக்கமாக அந்த வெற்றிடத்துக்கு ஓடுகின்றன. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பந்து இன்னும் அவளுக்கு வந்து சேரவில்லை.